கையில் வேலை இல்லாமல் ஜெர்மனிக்குக் கிளம்பலாமா? ஆப்பர்ச்சூனிட்டி கார்டு, ப்ளூ கார்டு, மற்ற வழிகள்

கொங்கு_லேத்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

வயது 34. பி.இ. மெக்கானிக்கல், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். கோவையில் பம்ப் தயாரிக்கும் இடத்தில் டிசைன் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறேன். திருமணமாகிவிட்டது, பையனுக்கு மூன்று வயது. ஜெர்மன் மொழியில் முதல் படியான ஏ1 முடியப்போகிறது (அதற்கு மேல் ஏ2, பி1, பி2, சி1).

ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அனுமதிக்கிற ஆப்பர்ச்சூனிட்டி கார்டு பற்றி இங்கே ஒரு கன்சல்டன்சியில் பேசினேன். "ஆப்பர்ச்சூனிட்டி கார்டுக்கு ஆறு பாயிண்ட் வேண்டும், அதை நாங்கள் வாங்கித் தருகிறோம். போன மூன்றாவது மாதம் வேலை உறுதி" என்கிறார்கள். கட்டணம் மூன்றேகால் லட்சம். அதில் ஏபிஎஸ் சான்றிதழ், பாயிண்ட் மதிப்பீடு, பிளாக்டு அக்கவுண்ட் உதவி எல்லாம் அடக்கமாம். பாதியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் போவதா, இங்கிருந்தே தேடுவதா? போனவர்கள் சொல்லுங்கள்.

---

நெக்கர்_கரை

முதலில் அந்த மூன்றேகால் லட்சத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போட்ட பட்டியலிலேயே கோளாறு இருக்கிறது. ஏபிஎஸ் என்பது கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற சான்றிதழ், படிக்கப் போகிறவர்களுக்கானது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். வேலை தேடிப் போகிற உங்களுக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றைக் கட்டணத்தில் சேர்க்கிற ஆள் மற்றதை எப்படிச் செய்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாயிண்ட். ஆப்பர்ச்சூனிட்டி கார்டு (இங்கே சான்சன்கார்ட்டே என்போம்) 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு வாசல். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுமையாக இணை என்றால் நீங்கள் அவர்கள் சட்டப்படி "தகுதி பெற்ற பணியாளர்", பாயிண்ட் எண்ண வேண்டிய வேலையே கிடையாது. இணை இல்லை என்றால்தான் ஆறு பாயிண்ட் கணக்கு வரும். பெரும்பாலான ஏஜென்சிகள் இந்த முதல் வாசலைப் பற்றி வாயே திறப்பதில்லை. திறந்தால் "பாயிண்ட் வாங்கித் தருகிறோம்" என்று காசு கேட்க முடியாதே.

இணையா இல்லையா என்று பார்க்க அனபின் என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்ற குறி இருக்க வேண்டும், உங்கள் பட்டமும் இணையானது என்று அங்கே பதிவாகியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்தால் போதும். கல்லூரி பெயரைத் தேடாதீர்கள், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். பட்டம் அதில் இல்லை என்றால் இசட்ஏபி என்ற அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம், செலவு சுமார் 200 யூரோ.

சரி, பாயிண்ட் வழியிலேயே போனாலும் உங்களுக்கு என்ன வருகிறது? 35 வயதுக்குள் என்பதால் 2. கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம், அதுவும் படித்த துறையிலேயே, அதற்கு 3. பொறியியல் ஆள் பற்றாக்குறைத் துறை, அதற்கு 1. ஆறு வந்துவிட்டது. ஏ2 ஜெர்மன் முடித்தால் இன்னொன்று, பி1 என்றால் 2, பி2 என்றால் 3. ஆங்கிலத்தில் சி1 இருந்தாலும் ஒன்று. கூட்டல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்குத்தானே இது.

கவனிக்க வேண்டியது வயது. 35 தாண்டினால் 2 என்பது 1 ஆகிவிடும். அதனால் அனபினை இந்த வாரமே பாருங்கள்.

---

கார்டோடு_வந்தவன்

அந்தக் கார்டில்தான் இப்போது டோர்ட்மண்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். கார்டு கிடைப்பது பெரிய விஷயமில்லை. இது வேலை தேட அனுமதிக்கிற சீட்டு, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குத் தருவார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதி நேர வேலை செய்யலாம், ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம்.

செலவைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்வதில்லை. மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் வருடத்துக்கு 13,092 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும். 13 லட்சம் ரூபாய்க்கு மேல். பணம் உங்களுடையதுதான், மாதாமாதம் திரும்ப வரும். ஆனால் வீட்டு வாடகை, காப்பீடு, ரயில், சாப்பாடு என்று அந்த 1,091 மாதக் கடைசியில் மிஞ்சாது. மருத்துவக் காப்பீடு தனியார்தான். வேலை கிடைக்கும்வரை அரசுக் காப்பீட்டில் எங்களைச் சேர்ப்பது கடினம்.

வீடு இன்னொரு கதை. இங்கே குடிவந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். தற்காலிக அறை கொடுப்பவர்களில் பாதிப் பேர் அந்தத் தாளைத் தர மாட்டேன் என்கிறார்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. வரி எண் இல்லாமல் பகுதி நேர வேலையில் சேர்ந்தால் அதிகபட்ச வரியைப் பிடித்துவிடுவார்கள். வருவதற்கு முன் அறையை உறுதிசெய்யும்போது "பதிவுக்குத் தாள் தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நானும் மெக்கானிக்கல்தான். நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள், பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், பிறகு "எங்கள் தொழிற்கூடத்தில் எல்லோரும் ஜெர்மன்தான் பேசுவார்கள்" என்று முடிகிறது. இப்போது பகலில் பகுதி நேரமாகக் கிடங்கில் பொட்டலம் பிரிக்கிறேன், மாலையில் பி1 வகுப்பு.

---

பெர்லின்_கோடர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஜெர்மன் தெரிந்தவர்களே குறைவு. ஆங்கிலத்திலேயே எல்லாம் ஓடுகிறது. சென்னையிலிருந்து நேர்காணல் கொடுத்து, ஒப்பந்தம் வாங்கி, ப்ளூ கார்டில் (குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வேலை கிடைத்தவர்களுக்கான பணி அனுமதி) வந்தேன். ஐ.டி. என்றால் பட்டம்கூடக் கட்டாயமில்லை. கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவமும் சம்பள வரம்பும் இருந்தால் ப்ளூ கார்டு கொடுக்கிறார்கள், 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு.

எல்லோரும் ஏதோ பயமுறுத்துகிற மாதிரி எழுதுகிறார்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசே இந்தியர்களுக்கான பணியாளர் விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னதே, படிக்கவில்லையா?

---

நெக்கர்_கரை

@பெர்லின்_கோடர், படித்தேன். அந்த 90,000 விசாவின் எண்ணிக்கை, வேலையின் எண்ணிக்கை அல்ல. விசாவைத் தூதரகம் கொடுக்கும், வேலையைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் பெர்லினில் மென்பொருளில் இருக்கிறீர்கள். கேள்வி கேட்டவர் இயந்திர வடிவமைப்பில் இருக்கிறார். அவர் துறையின் இதயம் நான் இருக்கிற ஸ்டுட்கார்ட் பக்கம்தான், இங்கே இப்போது காற்று அவ்வளவு நன்றாக இல்லை. வாகன உதிரிபாக நிறுவனமான இசட்எஃப் 2028-க்குள் ஜெர்மனியில் 14,000 வேலை வரை குறைப்பதாக 2024 ஜூலையில் அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000. பாஷ் 2025 செப்டம்பரில் 13,000 என்றது. அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் ஜெர்மன் பேசுகிற, இருபது வருட அனுபவம் உள்ள ஆட்கள். அதே காலியிடத்துக்கு அவர்களும் விண்ணப்பிக்கிறார்கள்.

அதற்காக வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. பம்ப், வால்வு, வெப்ப பம்ப், ரயில்வே, மின்கட்டமைப்பு ஆகிய துறைகளில் ஆள் எடுக்கிறார்கள். பெரும்பாலும் சின்ன ஊர்களில் உள்ள குடும்ப நிறுவனங்கள், 200 பேர், 300 பேர் வேலை செய்கிற இடங்கள். நம் ஆட்கள் யாரும் அங்கே விண்ணப்பிப்பதில்லை, பெயர் தெரியாது என்பதால். கொங்கு_லேத் பம்ப்பில் எட்டு வருடம் இருந்தவர், அவருக்கு இது பொருந்தும். ஆனால் அங்கே ஆங்கிலம் ஓடாது. பி1-ஆவது இல்லாமல் போனால் கார்டோடு_வந்தவன் சொன்ன "தொழிற்கூடம்" பதில்தான் வரும்.

---

கொங்கு_லேத்

நன்றி அண்ணா. அனபினில் பார்த்தேன், பல்கலைக்கழகம் எச் பிளஸ், பட்டமும் இருக்கிறது. அப்படியானால் எனக்குப் பாயிண்டே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கன்சல்டன்சிக்காரர் இதைக் கேட்டதும் "அதெல்லாம் ஆன்லைனில் பார்த்து நம்பாதீர்கள்" என்கிறார்.

ப்ளூ கார்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்? ஒரு நிறுவனம் 44,000 யூரோ கொடுத்தால் ஆகுமா?

---

நெக்கர்_கரை

ஆமாம், பாயிண்ட் தேவையில்லை. அந்த அச்சுப்பிரதியை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

ப்ளூ கார்டு வரம்பு ஒவ்வொரு ஜனவரியும் மாறும். அது அரசு ஓய்வூதியப் பங்களிப்பின் உச்சவரம்போடு கட்டப்பட்டது. பொதுவாக அதில் 50 சதவீதம், பற்றாக்குறைத் துறைக்கும் பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 45.3 சதவீதம். 2025-இல் 48,300-ம் 43,759.80-ம் இருந்தது. 2026-க்கு 50,700, பொறியாளர்களுக்கு 45,934.20. ஆக 44,000-க்கு 2025-இல் ஒப்பந்தம் போட்டிருந்தால் வரம்பைத் தாண்டியிருக்கும், 2026 வரம்பைத் தாண்டாது. குறைந்த வரம்பில் வருகிறவர்களுக்கு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும், ஆதலால் கொஞ்சம் தாமதமாகும்.

ஆனால் 44,000-க்கு ப்ளூ கார்டு இல்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டதாரிகளுக்கான சாதாரணப் பணி அனுமதி (18பி பிரிவு) இருக்கிறது. அதில் இப்படி ஒரு எண் கிடையாது, அந்த வேலைக்கு ஜெர்மன்காரருக்குக் கொடுக்கிற சம்பளத்தை உங்களுக்கும் கொடுத்தால் போதும். 45 வயது தாண்டி முதன்முறை வருகிறவர்களுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. வித்தியாசம் நிரந்தர வதிவிடத்தில் வரும். ப்ளூ கார்டில் 27 மாதம், பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதம். 18பி-யில் மூன்று வருடம். பையனுக்கு மூன்று வயது என்கிறீர்கள், ஒன்பது முதல் பதினைந்து மாத வித்தியாசத்துக்காக ஒரு நல்ல வேலையை விடாதீர்கள்.

இன்னொன்று. 50,000 யூரோ என்றதும் நூறால் பெருக்கிப் பார்க்காதீர்கள். தனி ஆளுக்கு வரியும் காப்பீடும் போக மாதம் கையில் 2,600, 2,700 அளவில்தான் வரும். மனைவி வேலைக்குப் போகாமல் உடன் இருந்தால் வரி வகுப்பு மாறி இன்னும் கொஞ்சம் கூடும்.

---

நெல்லை_நர்ஸ்

அசல் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்று படித்ததும் பதறிவிட்டேன். தம்பி, எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் போதும். என் கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் ஊரில் ஒரு ஏஜென்ட்டிடம் அசலைக் கொடுத்துவிட்டு, பாதியில் வேறு இடத்துக்கு மாற நினைத்தபோது "மீதிக் காசைக் கட்டி வாங்கிக்கொள்" என்று மாட்டினார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் இந்திய வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பலர் "நாங்கள் வேலை வாங்கித் தரவில்லை, விசா ஆலோசனை மட்டும்" என்று நழுவுவார்கள். ஆனால் உங்களிடம் "மூன்று மாதத்தில் வேலை உறுதி" என்று சொன்னார்களே, அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். முகம் மாறும்.

எங்கள் துறை வழி வேறு, படிக்கிற நர்ஸ்களுக்காக எழுதுகிறேன். செவிலியர் வேலை இங்கே ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அங்கீகாரம் இல்லாமல் நர்ஸ் என்ற பெயரில் வேலை செய்ய முடியாது. பி.எஸ்சி. முடித்து பி2 ஜெர்மன் வாங்கினேன். மாநில அலுவலகம் சான்றிதழைப் பார்த்து, எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் குறைவு என்று ஒரு தாள் கொடுத்தது. அதை நிரப்ப, தழுவல் பயிற்சியில் உட்காரலாம் அல்லது தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் சம்பளம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கான மருத்துவமனை மொழிப் பயிற்சி, விமான டிக்கெட், அங்கீகாரச் செலவு எல்லாவற்றையும் தானே ஏற்கும். நேர்மையான ஆள்சேர்ப்புக்கு ஜெர்மன் அரசின் முத்திரை ஒன்று உண்டு, அது இருக்கிற நிறுவனம் நர்ஸிடம் காசு வாங்கக் கூடாது. நர்ஸிடமே லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

---

சும்மா_கேக்கிறேன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? போர்ச்சுகலில் வீடு வாங்கினால் கோல்டன் விசா கொடுக்கிறார்களாம். ஜெர்மனியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் ஃப்ரீலான்ஸ் என்று சொல்லிப் போகலாமே.

---

நெக்கர்_கரை

போர்ச்சுகலில் வீடு வாங்குகிற வழி 2023 அக்டோபரிலேயே மூடியாகிவிட்டது. ஜெர்மனியில் வீடு வாங்கினால் வரிச் சீட்டுதான் வரும், விசா வராது. ஃப்ரீலான்ஸ் அனுமதி (21-ஆம் பிரிவு) உண்டு. ஆனால் ஜெர்மன் வாடிக்கையாளர்களின் கடிதம், வருமானத் திட்டம் எல்லாம் கேட்பார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களுக்கான தனி விசா இங்கே இல்லை. போர்ச்சுகல் பற்றித் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

---

மைன்_அம்மா

குடும்பத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை, ஆண்கள் பேசினால் இப்படித்தான் :)

ப்ளூ கார்டுக்காரரின் மனைவியாக ஃபிராங்க்ஃபர்ட் வந்தேன். ப்ளூ கார்டு, 18ஏ (தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கானது), 18பி அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு ஏ1 தேர்வு கட்டாயமில்லை. வந்த முதல் நாளிலிருந்து எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. அமெரிக்காவில் டிபெண்டென்ட் விசாவில் வருடக்கணக்காக வீட்டில் அடைந்து கிடந்த அக்காவைப் பார்த்திருக்கிறேன், அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். ஏ1 கட்டாயமில்லை என்பதற்காகப் படிக்காமல் வராதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்தால் வரவேற்பில் இருக்கிற அம்மாவுக்கு ஆங்கிலம் வராது.

கிட்டா, அதாவது மழலையர் காப்பகம். ஒரு வயதிலிருந்து குழந்தைக்கு இடம் கேட்க 2013 முதல் சட்டப்படி உரிமை இருக்கிறது. உரிமை இருக்கிறது, இடம்தான் இல்லை. ஊர் முடிவானதும் வீடு தேடுவதற்கு முன்னாலேயே கிட்டாவின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போடுங்கள். பையனுக்கு இடம் கிடைக்காவிட்டால் உங்கள் மனைவியின் வேலை, மொழி வகுப்பு இரண்டும் நின்றுவிடும். என் நிலைமை அப்படித்தான் ஆனது.

உங்கள் மனைவி என்ன படித்திருக்கிறார்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

அம்மா அப்பாவை அழைப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல் பணி அனுமதி வாங்கியவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைக்கலாம், மாமனார் மாமியாரையும்கூட. நாங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டதால் எங்களுக்கு இல்லை. அழைக்கத் தகுதி உள்ளவர்களும் மருத்துவக் காப்பீட்டில் தடுக்கி நிற்கிறார்கள். அந்த வயதில் அரசுக் காப்பீடு சேர்த்துக்கொள்ளாது, தனியார் கேட்கிற தொகை ஒரு வாடகை அளவுக்கு வரும்.

---

கொங்கு_லேத்

மைன்_அம்மா, மன்னிக்கவும். மனைவி பி.காம்., ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறார். உங்கள் பதிவை அவரிடம்தான் முதலில் காட்டினேன். "நீங்கள் முதலில் போங்கள், வேலை கிடைத்ததும் நாங்கள் வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது "நானும் ஏ1 சேருகிறேன்" என்கிறார்.

---

ஹாம்_மாமா

தம்பிமார், நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தவன். எங்கட வழி வேறை. கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, அகதியாகப் பதிந்தோம். அந்த நேரம் எங்களுக்கு இப்படிப் புள்ளிக் கணக்கும் இல்லை, அனபினும் இல்லை. வருடக்கணக்காக அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதியும் இல்லை. வேலை அனுமதிக்குக் காத்திருந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவித்தான் தொடங்கினோம். பிறகு 2002இல் ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் எழுந்தது. தேருக்கு வந்து பாருங்கோ.

நீங்கள் எல்லோரும் வரும் வழியைப் பற்றியே கதைக்கிறீர்கள். இருக்கும் வழியையும் கொஞ்சம் பாருங்கள். சம்பளச் சீட்டு, ஓய்வூதியக் காப்பீட்டுக்காரர் வருடாவருடம் அனுப்பும் கடிதம், பழைய வீட்டு ஒப்பந்தம், ஒன்றையும் எறிய வேண்டாம். நிரந்தர வதிவிடம் கேட்கும் நாளில் ஓய்வூதியக் காசு எத்தனை மாதம் கட்டியது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு மாதம் இடையில் விடுபட்டால் அந்த ஒரு மாதத்துக்கு விளக்கம் கேட்பார்கள்.

குடியுரிமை 2024 ஜூன் 27 முதல் ஐந்து வருடத்தில் கேட்கலாம். முன்னர் எட்டு. மூன்று வருட விரைவு வழி ஒன்றும் வைத்திருந்தார்கள், அதை 2025 ஒக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இலங்கையும் விண்ணப்பித்தால் தரும். இந்தியா தராது. உங்களுக்கு ஓ.சி.ஐ. அட்டைதான் (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது), இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் தோட்டம் காணி உள்ளவர்கள் இதை வீட்டில் கதைத்துவிட்டு முடிவெடுங்கள். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது என்று உங்கட ஆட்களே எனக்குச் சொன்னது.

---

பெர்லின்_கோடர்

மாமா சொன்ன கடைசி விஷயம் சரி. பரம்பரையாக வருகிற நிலத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அதற்காகவே என் நண்பர்கள் சிலர் நிரந்தர வதிவிடத்தோடு நின்றுவிட்டார்கள்.

அப்புறம் வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் நிறுவனத்தில் ஒரு சுற்று ஆள்குறைப்பு நடந்தது, அதனால் தெரியும். வேலை முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் சொல்ல வேண்டும். உடனே விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள், ப்ளூ கார்டுக்காரருக்கு வேறு வேலை தேடப் பொதுவாக மூன்று மாதமாவது கொடுப்பார்கள். 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் வேலையின்மைப் பணமும் உண்டு, கடைசி நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. முதல் 12 மாதத்துக்குள் நீங்களாக வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜெர்மன் பற்றி நான் முதலில் எழுதியதையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் படியுங்கள். அந்த ஆள்குறைப்பில் மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் தெரிந்தவர்கள்.

---

கார்டோடு_வந்தவன்

வெளிநாட்டினர் அலுவலகம் என்றதும் நினைவுக்கு வந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வர மாதக்கணக்காகும் ஊர்கள் இருக்கின்றன. கார்டு காலாவதியாகும் முன்பே விண்ணப்பம் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்கிறது என்று ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். காலாவதிக்குப் பிறகு போட்டால் சிக்கல். வேலை ஒப்பந்தம் கிடைத்ததும் ஊருக்குத் திரும்பிப் போய் விசா வாங்கத் தேவையில்லை, இங்கேயே மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கார்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

---

நெக்கர்_கரை

கொங்கு_லேத், இவ்வளவு பேர் எழுதியதை வைத்து என் கருத்து. வேலையை விடாதீர்கள். கோவையில் சம்பளம் வாங்கிக்கொண்டே பி1 முடியுங்கள். 13 லட்சத்தை முடக்கி டோர்ட்மண்டில் படிக்கிற அதே பி1-ஐ நம் ஊரில் ஒரு சிறு தொகைக்குப் படிக்கலாம். தேர்வு மட்டும் கெத்தே நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் எழுதுங்கள், பயிற்சி மையம் தானே அச்சடிக்கிற சான்று செல்லாது.

படித்துக்கொண்டே சின்ன நிறுவனங்களுக்கு ஜெர்மனில் விண்ணப்பியுங்கள். ஒரு நிறுவனம் விரும்பினால் விரைவு நடைமுறை ஒன்று இருக்கிறது (81ஏ பிரிவு). நிறுவனம் தன் ஊர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டித் தொடங்கும், முன்ஒப்புதல் வந்ததும் தூதரகம் மூன்று வாரத்துக்குள் விசா நேர்காணலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சின்ன ஊர் முதலாளிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்ணப்பக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் "இந்த ஆள் விசாவைச் சமாளித்துவிடுவார்" என்று நம்பிக்கை வரும்.

பி1 கையில் வந்து, நேர்காணல்களும் வந்து, "நேரில் வந்தால் பார்க்கலாம்" என்கிற கட்டத்தில் எல்லாம் தடைபட்டு நின்றால் அப்போது ஆப்பர்ச்சூனிட்டி கார்டு எடுங்கள். அது அந்தக் கடைசிக் கட்டத்துக்கான கருவி. பட்டம் இணையானது என்பதால் 35 தாண்டினாலும் உங்களுக்கு நட்டமில்லை.

விண்ணப்பத்தை அவசரத்தில் போட வேண்டாம். முன்பெல்லாம் விசா மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிதாக 75 யூரோ கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையேல் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

---

நாற்பது_தொட்டவன்

எனக்கு எதிர்க்கருத்து உண்டு. "ஊரிலேயே பி1 முடி" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்கவைத்து, ஜெர்மன் இலக்கணம் படிக்கிறவன் ஒரு வருடத்தில் ஏ2-வோடு நிற்பான். நான் நின்றேன். அங்கே போனால் கடையிலும் பேருந்திலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சேமிப்பு இருக்கிற, குழந்தை இல்லாத ஆளுக்குக் கார்டு நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

---

கார்டோடு_வந்தவன்

@நாற்பது_தொட்டவன், கிடங்கில் என்னோடு பொட்டலம் பிரிக்கிறவர்கள் சிரியா, உக்ரைன், பஞ்சாப். நாங்கள் பேசுகிற ஜெர்மனைக் கேட்டால் ஆசிரியர் அழுதுவிடுவார் :) ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி சரி. மாலை வகுப்பில் என் வேகம் ஊரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. 26 வயது, தனி ஆள், கடன் வாங்காமல் 13 லட்சம் இருக்கிறது என்றால் வா என்பேன். நிலத்தை அடகு வைத்து வராதே.

---

கொங்கு_லேத்

எல்லோருக்கும் நன்றி. கன்சல்டன்சி பெயரை இ-மைக்ரேட்டில் தேடினேன், இல்லை. வேலை உறுதியை எழுத்தில் கேட்டேன், "எங்கள் கொள்கையில் இடமில்லை" என்றார்கள். முன்பணம் கட்டவில்லை.

நானும் மனைவியும் ஒரே வகுப்பில் சேர்ந்துவிட்டோம், சனி ஞாயிறு காலை. இப்போது அவர்தான் என்னைவிட நன்றாகச் செய்கிறார். பம்ப் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று போட ஆரம்பித்திருக்கிறேன். நாங்கள் உதிரிபாகம் அனுப்புகிற ஜெர்மன் வாடிக்கையாளர்களிலிருந்தே தொடங்கினேன்.

ஒரு சின்னச் சந்தேகம். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஜெர்மனில் மொழிபெயர்க்க ஒரு பக்கத்துக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். வேண்டுமா?

---

நெல்லை_நர்ஸ்

விசாவுக்கு வேண்டாம், ஆங்கிலத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். திருமணச் சான்றும் பையனின் பிறப்புச் சான்றும் தமிழில் மட்டும் இருந்தால் அவற்றை மொழிபெயர்க்க வேண்டும். பிறப்புச் சான்றில் பையனின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல பேருக்கு அதில் "ஆண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கும், பெயர் சேர்க்க நகராட்சிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

---

கொங்கு_லேத்

எடுத்துப் பார்த்தேன் அக்கா. "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை நகராட்சிக்குப் போகிறேன்.